மாணவர் கையில் உலக விவகார இதழ்

உலக விவகாரங்களை எழுதும் இதழ்களில் ஒரு தனி வகை உண்டு. அதன் ஆசிரியர் ஒரு மாணவர். துணையாசிரியர்கள், மெய்ப்புப் பார்ப்பவர், சந்தாக் கணக்கு எழுதுபவர் எல்லோருமே மாணவர்கள். கட்டுரை அனுப்புகிறவர் முன்னாள் அமைச்சராகவோ தூதராகவோ பேர்பெற்ற பேராசிரியராகவோ இருக்கலாம். அந்தக் கட்டுரையை ஏற்பதா, திருப்பி அனுப்புவதா, எந்தப் பத்தியைத் திருத்தித் தரச் சொல்வது என்று முடிவெடுப்பவர் பெரும்பாலும் இருபதுகளைத் தாண்டாத ஒருவர். படிப்பு முடிந்ததும் அவர் போய்விடுவார். அந்த இடத்துக்கு இன்னொரு மாணவர் வருவார். இந்த ஏற்பாடு முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. இப்படி வெளிவந்த சில கட்டுரைகள், சர்வதேச உறவுகள் என்ற படிப்பையே வேறு திசையில் திருப்பியிருக்கின்றன.

மூன்று பல்கலைக்கழகங்கள், மூன்று இதழ்கள்

கற்றவர் எழுத, மாணவர் பதிப்பிக்கும் வழக்கம் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் முன்பே வேரூன்றியிருந்தது. 1887இல் தொடங்கிய ஹார்வர்டு லா ரிவியூ அதற்கு நன்கறியப்பட்ட சான்று. நீதிபதிகளும் சட்டப் பேராசிரியர்களும் எழுதியதை மாணவர்கள் வரிவரியாகச் சரிபார்ப்பது அங்கே அன்றாட வேலை. பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான பராக் ஒபாமா 1990இல் அந்த இதழின் தலைமைப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சட்டத்தில் பழகிய இந்த முறை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உலக விவகாரத்துக்கும் வந்தது.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1946இல் சர்வதேச விவகாரங்களுக்கென ஒரு பள்ளி திறக்கப்பட்டது. மறு ஆண்டே அதன் மாணவர்கள் 'ஜர்னல் ஆஃப் இண்டர்நேஷனல் அஃபேர்ஸ்' என்று இன்று அறியப்படும் இதழைத் தொடங்கினார்கள். அந்த 1947 சாதாரண ஆண்டு அல்ல. ஐக்கிய நாடுகள் சபை பிறந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன; அதன் தலைமையகம் அதே நகரத்தில் அமையவிருந்தது. ஐரோப்பாவை மீட்டெடுக்கும் மார்ஷல் திட்டம் அறிவிக்கப்பட்டது. இந்தியாவும் பாகிஸ்தானும் விடுதலை பெற்றன. பாடப்புத்தகம் எழுதி முடிக்கும் முன்பே வரைபடம் மாறிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கக் கூடியது இதழ் ஒன்றுதான்.

அடுத்தது லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். அம்பேத்கர் கொலம்பியாவிலும் இங்கேயும் படித்தவர் என்பதால் இரண்டு பெயர்களுமே தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமானவை. இந்த நிறுவனத்தின் ஆய்வு மாணவர்கள் 1971இல் 'மில்லெனியம்' என்ற இதழைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை அமெரிக்கா அறுத்தது, மக்கள் சீனம் ஐ.நா.வில் இடம் பெற்றது, வங்கதேசம் பிறந்தது. போருக்குப் பின் அமைந்த ஒழுங்கு தளரத் தொடங்கிய ஆண்டு என்றே அதைச் சொல்லலாம்.

மூன்றாவது, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இளங்கலை மாணவர்கள் 1979இல் தொடங்கிய 'ஹார்வர்டு இண்டர்நேஷனல் ரிவியூ'. ஈரானில் ஷாவின் ஆட்சி கவிழ்ந்ததும், சீனாவும் வியட்நாமும் மோதிக்கொண்டதும், ஆண்டின் கடைசி நாட்களில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததும் அந்த ஒரே ஆண்டில்தான்.

மூன்றும் உலகம் புரண்டு படுத்த ஆண்டுகளில் பிறந்தவை. உலகம் மாறுகிறது, வகுப்பறை இன்னும் மாறவில்லை என்று மாணவர்கள் உணரும்போது அந்த இடைவெளியை நிரப்ப ஓர் இதழ் தேவைப்படுகிறது. 2000இல் யேல் பல்கலைக்கழகத்தின் இளங்கலை மாணவர்கள் 'தி யேல் குளோபலிஸ்ட்' இதழைத் தொடங்கியதும் இதே வரிசையில் வருவதே.

ஒரே குடும்பம், வேறு வேறு முகம்

மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கொலம்பியாவின் இதழ் இரண்டாண்டு முதுகலை மாணவர்கள் கையில் இருக்கிறது. ஒவ்வொரு இதழும் ஒரே பொருளைப் பற்றியது. வெளியுறவுப் பணிக்கும் சர்வதேச அமைப்புகளுக்கும் போகவிருக்கும் மாணவர்கள் நடத்துவதால் அதில் கொள்கை வகுப்போரின் குரல் வலுவாகக் கேட்கும்.

மில்லெனியம் முனைவர் பட்ட ஆய்வு மாணவர்களுடையது. ஆண்டுக்கு மூன்று இதழ்கள் வரும். ஆசிரியர் பொறுப்பு ஆண்டுதோறும் கைமாறும். அது ஆய்விதழ், கட்டுரையாளர் யார் என்று தெரியாத மதிப்பீட்டாளர்கள் படித்துக் கருத்துச் சொன்ன பிறகே கட்டுரை ஏற்கப்படும். ஆண்டுக்கு ஒரு மாநாடும் நடத்துகிறார்கள். அதில் வாசிக்கப்பட்டவற்றில் தேர்ந்தவை சிறப்பிதழாக வரும்.

ஹார்வர்டின் இதழ் பொது வாசகரைப் பார்த்து எழுதப்படுவது. காலாண்டிதழாக வளர்ந்த அதில் நாட்டுத் தலைவர்களும் அறிஞர்களும் எழுதும் கட்டுரைகள், நேர்காணல்கள், மாணவர்களே எழுதும் அலசல்கள் என எல்லாம் கலந்து வரும். பள்ளி மாணவர்களுக்கு அது உலக விவகாரக் கட்டுரைப் போட்டியும் நடத்துகிறது. பதினெட்டு வயதில் கல்லூரிக்குள் வந்தவர், இருபது வயதில் ஒரு பிரதமருக்குக் கடிதம் எழுதிக் கட்டுரை கேட்கும் இடம் அது.

ஆகவே மாணவர் இதழ் என்ற பெயரைக் கேட்டதும் கல்லூரி ஆண்டு மலரை நினைத்துக்கொள்ளக் கூடாது. ஆண்டு மலர் கல்லூரிக்குள் பிறந்து கல்லூரிக்குள்ளேயே முடிவது. இவை கல்லூரிக்குள் பிறந்து வெளி உலகத்தோடு பேசுபவை.

ஓர் இதழ் உருவாகும் விதம்

இதழின் முதல் வேலை பொருளைத் தேர்வது. இது பார்ப்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். அன்றைய தலைப்புச் செய்தியைப் பொருளாக எடுத்துக்கொண்டால், கட்டுரைகள் வந்து, திருத்தி, அச்சாகி வெளிவரும் சில மாதங்களில் அது ஆறிப்போயிருக்கும். அதனால் தேர்ந்த குழு செய்தியை எடுப்பதில்லை, செய்திக்கு அடியில் ஓடும் கேள்வியை எடுக்கிறது. ஒரு நாட்டில் நடந்த கலவரம் செய்தி. உணவு விலைக்கும் ஆட்சி நிலைப்புக்கும் என்ன தொடர்பு என்பது கேள்வி. கேள்வி ஓராண்டு கழித்தும் கேள்வியாகவே இருக்கும்.

அடுத்து எழுதுவோரைத் தேடுவது. கடிதங்கள் போகும், பலவற்றுக்குப் பதில் வராது. பதில் வந்த சிலரிலும் சிலர் முன்பே எங்கோ பேசிய உரையைத் தூசி தட்டி அனுப்புவார்கள். அப்படி வந்ததை நன்றி சொல்லித் திருப்பி அனுப்பும் துணிவுதான் மாணவர் ஆசிரியருக்கு முதல் சோதனை. ஒரே கருத்துள்ளவர்களை மட்டும் எழுதச் சொல்லாமல், எதிர்க் கருத்துள்ள ஒருவரையாவது தேடிப் பிடிப்பது இரண்டாவது சோதனை.

பிறகு வருவது சரிபார்ப்பு. இந்த இதழ்களின் மதிப்பு முழுவதும் தங்கியிருப்பது இதில்தான் என்பதால் ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டே வைத்துப் பார்ப்பது நல்லது.

நைல் நதியைப் பற்றிய கட்டுரை ஒன்றில், 1959இல் நைல் நாடுகள் ஆற்று நீரைப் பங்கிட்டுக்கொண்டன என்று ஒரு வரி இருப்பதாகக் கொள்ளலாம். படிக்கும்போது தடையே தெரியாது. சரிபார்க்கும் மாணவர் அந்த ஒப்பந்தத்தின் மூலத்தைத் தேடி எடுக்கிறார். அதில் கையெழுத்திட்டவை இரண்டே நாடுகள்: அன்று ஐக்கிய அரபுக் குடியரசு என்ற பெயரில் இருந்த எகிப்து, இன்னொன்று சூடான். ஆண்டுக்குச் சராசரியாக 8,400 கோடி கன மீட்டர் நீர் எகிப்தின் அஸ்வானுக்கு வரும் என்று கணக்கிட்டு, ஆவியாகிப் போவது 1,000 கோடி என்று கழித்து, எகிப்துக்கு 5,550 கோடி, சூடானுக்கு 1,850 கோடி என்று பிரித்திருக்கிறார்கள். 5,550-ஐயும் 1,850-ஐயும் கூட்டினால் 7,400 வருகிறது. 8,400-இல் 1,000 போனாலும் 7,400தான். அதாவது மிச்சம் என்று ஒரு சொட்டும் இல்லை. எகிப்தை எட்டும் நீரில் பெரும்பகுதி புறப்படும் எத்தியோப்பியா அந்தக் கணக்கிலேயே இல்லை.

இப்போது அந்த வரியை மாற்ற வேண்டும்: 1959இல் எகிப்தும் சூடானும் ஆற்று நீரைப் பங்கிட்டுக்கொண்டன. நைல் நாடுகள் என்ற இரண்டு சொற்கள் போய், இரண்டு நாடுகளின் பெயர்கள் வந்திருக்கின்றன. அவ்வளவுதான் மாற்றம். ஆனால் 2011இல் எத்தியோப்பியா நீல நைலின் குறுக்கே பெரும் அணையைக் கட்டத் தொடங்கியபோது எகிப்து ஏன் பழைய ஒப்பந்தத்தைக் காட்டியது, எத்தியோப்பியா ஏன் அதை ஏற்க மறுத்தது என்பது முழுக்க இந்தத் திருத்தத்துக்குள் இருக்கிறது. பழைய வரியை அப்படியே விட்டிருந்தால் எத்தியோப்பியா வாக்கு மாறிய நாடாகத் தெரிந்திருக்கும்.

அளவையும் வாசகருக்குப் புரியும்படி மாற்ற வேண்டும். எகிப்தின் பங்கு சுமார் 1,960 டி.எம்.சி. என்று சொன்னால், காவிரிச் செய்திகளைப் படித்து வளர்ந்தவருக்கு அந்த ஆற்றின் பருமன் சட்டென்று பிடிபடும். ஓர் இதழில் இப்படி நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மூலத்தைத் தேடிப் போகிற மாணவர், ஒப்பந்தம் என்றால் என்ன என்பதை எந்த வகுப்பிலும் கற்க முடியாத அளவுக்குக் கற்றுக்கொள்கிறார்.

கடைசியில் மொழித் திருத்தம், பக்க அமைப்பு, மெய்ப்பு, அச்சு. இவற்றோடு பணம் என்ற தீராத வேலையும் உண்டு. சந்தா, விளம்பரம், நூலகங்கள் தரும் கட்டணம், பல்கலைக்கழக உதவி என்று பல கைகளிலிருந்து பணம் சேர வேண்டும். பல்கலைக்கழகம் பணம் தரும்போது தலையங்கத்தில் தலையிடாது என்ற உறுதியையும் சேர்த்தே பெற வேண்டும்.

மில்லெனியம் திறந்த கதவுகள்

இவ்வளவு உழைத்து இந்த இதழ்கள் சாதித்தது என்ன என்பதற்கு மில்லெனியத்தின் இரண்டு நிகழ்வுகள் போதும்.

முதலாவது 1981இல் நடந்தது. இதழுக்கு அப்போது பத்து வயது. கனடாவைச் சேர்ந்த ராபர்ட் காக்ஸ் என்பவர் 'சமூக சக்திகள், அரசுகள், உலக ஒழுங்குகள்' என்ற பொருளில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவர் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிவிட்டுப் பேராசிரியப் பணிக்கு வந்தவர். சர்வதேச உறவுகள் படிப்பில் அப்போது ஓங்கியிருந்தது, அரசுகளையும் அவற்றின் வலிமையையும் மட்டும் வைத்து உலகை விளக்கும் யதார்த்தவாதம் என்ற பார்வை. கென்னத் வால்ட்ஸ் 1979இல் வெளியிட்ட நூல் அதற்குப் புதிய வலு தந்திருந்தது. காக்ஸ் கோட்பாடுகளை இரண்டாகப் பிரித்தார். இருக்கும் உலகை அப்படியே ஏற்றுக்கொண்டு அதற்குள் எழும் சிக்கல்களைத் தீர்க்க முயல்வது ஒன்று. இந்த உலக அமைப்பு எப்படி உருவானது, யாருக்குப் பயன்படுகிறது, எப்படி மாறலாம் என்று கேட்பது மற்றொன்று. ஒரு கோட்பாட்டைப் பார்க்கும்போது அது எந்த இடத்தில் நின்று பேசுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்றார்.

விமர்சனக் கோட்பாடு என்ற தனிப் பிரிவே இந்தப் படிப்பில் உருவாக அந்தக் கட்டுரை அடித்தளமானது. 1986இல் ராபர்ட் கியோஹேன் தொகுத்த, வால்ட்ஸின் கோட்பாட்டை விவாதிக்கும் நூலில் அது மீண்டும் அச்சேறியது. இன்று உலகெங்கும் உள்ள பல்கலைக்கழகங்களில் அது பாடமாக வைக்கப்படுகிறது. முதன்முதலில் அதை அச்சிட்டவர்கள் மாணவர்கள்.

இரண்டாவது 1988இல் நடந்தது. அந்த ஆண்டு மில்லெனியம், பெண்களும் சர்வதேச உறவுகளும் என்ற பொருளில் ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது. போர், படைவலிமை, ராஜதந்திரம் என்று பேசிவந்த துறையில் பெண்கள் என்ற சொல்லே அரிதாக இருந்த காலம் அது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் பேராசிரியர் ஃபிரெட் ஹாலிடே, இந்தத் துறையின் கண்ணுக்குப் பெண்கள் எப்படித் தெரியாமல் போனார்கள் என்று அதில் எழுதினார்.

அதே சிறப்பிதழில் ஜே. ஆன் டிக்னர் எழுதியது இன்றும் பேசப்படுகிறது. ஹான்ஸ் மார்கெந்தாவ் என்ற அறிஞர் 1948இல் முதலில் வெளியிட்ட நூல் யதார்த்தவாதத்தின் வேதம் போல மதிக்கப்பட்டது. அவர் வகுத்த அரசியல் யதார்த்தவாதத்தின் ஆறு கொள்கைகளையும் டிக்னர் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். ஒன்றையும் தூக்கி எறியவில்லை. ஒவ்வொன்றையும் எடுத்து, அதில் ஆண் அனுபவம் மட்டுமே மனித இயல்பாக எழுதப்பட்டிருக்கும் இடத்தைக் காட்டி, மாற்றி எழுதினார். அதிகாரம் என்றால் பிறரை அடக்குவது என்பது ஒரு பொருள். பலர் சேர்ந்து ஒன்றைச் செய்ய முடிவதும் அதிகாரம்தான் என்றார். நாட்டு நலன் என்பது படைவலிமையோடு முடிவதில்லை. அணு ஆயுதமும் சூழல் சீர்கேடும் மிரட்டும் காலத்தில் ஒரு நாட்டின் நலன் பிற நாடுகளின் நலனோடு பின்னியிருக்கிறது என்றார். எதிரியின் வீட்டுக்குள்ளேயே போய், அவருடைய தூண்களைத் தட்டிப் பார்த்த கட்டுரை அது.

விவாதம் அத்தோடு நிற்கவில்லை. முன்பு காக்ஸின் கட்டுரையைத் தன் நூலில் சேர்த்த அதே கியோஹேன், பெண்ணியப் பார்வை இந்தத் துறைக்குத் தரக்கூடியது எது என்று 1989இல் மில்லெனியத்திலேயே எழுதினார். அவர் எழுதியதைக் கடுமையாக மறுத்து சிந்தியா வெபர் 1994இல் அதே இதழில் எழுதினார். சிறப்பிதழின் கட்டுரைகள் 1991இல் நூலாகவும் வந்தன. டிக்னர் பின்னாளில் சர்வதேச ஆய்வுகள் சங்கத்தின் தலைவரானார். ஓரத்தில் தொடங்கியது நடுவுக்கு வந்துவிட்டது.

மாணவர்களால் ஏன் முடிந்தது

இந்தக் கட்டுரைகளை மாணவர்கள் அச்சிட்டது தற்செயல் அல்ல. நிலைபெற்ற ஆய்விதழின் ஆசிரியர் துறையில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவர். அவருக்கு நண்பர்கள் உண்டு, ஆசிரியர்கள் உண்டு, தானே எழுதிக் காக்க வேண்டிய நிலைப்பாடும் உண்டு. புதிய கேள்வி ஒன்று வரும்போது, இது நம் துறைக்குள் அடங்குமா என்ற கேள்விதான் அவருக்கு முதலில் எழும். மாணவருக்குக் காக்க எதுவும் இல்லை. எது துறை, எது வெளி என்ற வேலி அவர் மனதில் இன்னும் இறுகவில்லை. ஓராண்டில் பதவி போய்விடும் என்பதால், யாரையாவது பகைத்துக்கொள்வோமோ என்ற கணக்கும் குறைவு. அதே வேளையில் புதிதாக வெளிவரும் அத்தனையையும் மூச்சு முட்டப் படித்துக்கொண்டிருப்பவர்களும் ஆய்வு மாணவர்கள்தான். அறிவுப் பசியும் கடன்படாத மனமும் ஒரே இடத்தில் சேரும் பருவம் அது.

குறைகள்

இந்த ஏற்பாட்டின் பலம் எதுவோ அதுவே அதன் பலவீனமும். ஆசிரியர் குழு ஆண்டுதோறும் மாறுவதால் நினைவு அறுந்துபோகிறது. யார் கட்டுரை தருவதாகச் சொன்னார், எந்த அச்சகம் நேரத்தில் முடித்துக்கொடுத்தது, எந்த நூலகம் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை என்பதெல்லாம் ஒருவரின் தலைக்குள் இருந்து, பட்டம் வாங்கியதும் அவரோடு போய்விடும். சிறிய மாணவர் இதழ்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் நின்றுபோவதற்கு இது பெரிய காரணம்.

இரண்டாவது குறை, பெரிய பெயர் மீதான மயக்கம். ஓர் அமைச்சரின் கட்டுரை கிடைத்தது என்ற மகிழ்ச்சியில் அதில் புதிதாக ஒன்றும் இல்லை என்பது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அரசுகளின் அறிக்கை கட்டுரை வேடத்தில் உள்ளே வருவது இப்படித்தான்.

மூன்றாவது, இடத்தின் எல்லை. இங்கே சொல்லப்பட்ட இதழ்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உள்ள வசதிமிக்க பல்கலைக்கழகங்களுடையவை, ஆங்கிலத்தில் வருபவை. எத்தியோப்பியாவைப் பற்றி எழுதுவது எளிது, எத்தியோப்பிய மாணவரை எழுத வைப்பது அரிது. உலகைப் பற்றிய இதழ் உலகின் ஒரு மூலையிலிருந்து மட்டும் பார்த்தால், காக்ஸ் எழுப்பிய கேள்வி அதன் மீதே திரும்பும்.

இவற்றுக்குத் தீர்வுகளும் நடைமுறையில் உள்ளன. பேராசிரியர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு நினைவைக் காக்கிறது. முடிவு மட்டும் மாணவர் கையிலேயே இருக்கும். அடுத்த ஆண்டு பொறுப்பேற்பவர் இந்த ஆண்டே துணையாசிரியராக இருந்து பழகுகிறார். யார் எழுதியது என்று தெரியாமல் மதிப்பிடும் முறை பெரிய பெயரின் பளபளப்பைக் குறைக்கிறது. மூன்றாவது குறைக்கு மட்டும் இதழ் நடத்தும் விதியில் மருந்து இல்லை. வேறு நாடுகளிலும் வேறு மொழிகளிலும் இத்தகைய இதழ்கள் பிறப்பதே அதற்கு மருந்து.

இப்படியோர் இதழுக்குப் பழம்பெருமை மிக்க பல்கலைக்கழகம் வேண்டும் என்பதில்லை. வேண்டியவை நான்கு: செய்திக்கு அடியில் உள்ள ஒரு கேள்வி, அதற்கு வேறு வேறு பதில் சொல்லும் சிலரின் கட்டுரைகள், ஒவ்வோர் எண்ணுக்கும் மூலத்தைத் தேடிப் போகும் பொறுமை, விலகும் முன் அடுத்து வருபவருக்காக எல்லாவற்றையும் எழுதி வைக்கும் பொறுப்பு. இந்த நான்கும் உள்ள மாணவர் குழு எந்த ஊரில் இருந்தாலும், எந்த மொழியில் எழுதினாலும், முதல் இதழைத் தாமதிக்காமல் தொடங்க வேண்டும்.